பெய்யாத மழைக்கும் ஒரு கணக்கு

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அந்த வீட்டுக் கூடத்தில், ஒரே ஆணியில் ஏழு வருடத்து மாதக் காலண்டர்கள் தொங்குகின்றன. பழசு அடியில், புதுசு மேலே. மளிகைக்கடை கொடுத்தது, உரக்கடை கொடுத்தது, நகைக்கடை கொடுத்தது என்று படங்கள்தான் வேறு வேறு. உள்ளே இருப்பது ஒரே கையெழுத்து. மழை பெய்த நாளின் கட்டத்தில் நீல மையில் ‘ம’ என்று ஓர் எழுத்து. நல்ல மழை என்றால் அதைச் சுற்றி ஒரு வட்டம்.

எழுதுவது வீட்டுப் பெரியவர். வயது 76. மற்ற கணக்கெல்லாம் மகன் கைக்குப் போய்விட்டது. மழைக் கணக்கை மட்டும் அவர் யாரிடமும் கொடுக்கவில்லை.

போன வருட அக்டோபர் தாளில் மட்டும் ஒரு குறை இருக்கிறது. அந்த மாதத்தில் பெரிய மழை பெய்த நாளின் கட்டம் காலியாக இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

நாலாவது ராத்திரி

குறுவை கொஞ்சம் பொல்லாத பயிர். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தால், அறுப்பு செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் வரும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில்தான். நெல் களத்துக்கு வரும் நேரமும், மேகம் டெல்டாவுக்கு வரும் நேரமும் ஒன்றாகிவிடும். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொடுக்க ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. அதற்குக் காயவைக்க வேண்டும். காய்ந்த பிறகு, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

போன வருடம் அந்த வீட்டு நெல் அப்படித்தான் களத்தில் அம்பாரமாகக் காத்திருந்தது. தொடர்ந்து மூன்று நாள் டிவியில் கனமழை எச்சரிக்கை. மூன்று ராத்திரியும் மகன் வாடகைக்குத் தார்ப்பாய் எடுத்து, ஆள் வைத்து மூடினார். மூன்று ராத்திரியும் ஒரு தூறல்கூட இல்லை. நாலாவது நாள் சாயங்காலமும் அதே எச்சரிக்கை. பெரியவர் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். ஒரு தட்டான்கூடத் தாழப் பறக்கவில்லை.

“மூணு நாளா பூச்சாண்டி காட்டுறானுவோ. மூடி மூடி வெச்சா நெல்லு புழுங்கிடும் தம்பி. தார்ப்பாயைக் கொண்டுபோய்க் கொடுத்துடு.”

மகன் கொடுத்துவிட்டார். ராத்திரி 2 மணிக்கு இடி இடித்தது. எழுந்து ஓடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. விடியும்போது களம் குளம்போல் கிடந்தது. மூன்றாம் நாள் நெல்மணிகளில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டியதாயிற்று.

மகன் அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரியவருக்குத் தாங்க முடியாமல் போனது அதுதான். திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பார், மறுநாள் சரியாகியிருக்கும். ஒரு வருடமாக இருவருக்கும் இடையில் பேச்சு, பேத்தி வழியாகத்தான். “தாத்தாவைச் சாப்பிடச் சொல்லு.” “மோட்டாரை நிறுத்தியாச்சான்னு அப்பாவைக் கேளு.” அவ்வளவுதான்.

தட்டான் சொன்ன சாட்சி

இந்த வருடமும் அறுப்பு முடிந்தது. நெல் களத்தில் இருக்கிறது. மகன் இப்போதெல்லாம் எந்தத் திசையில் மேகத்தைப் பார்த்தாலும் தார்ப்பாயை இழுத்துவிடுகிறார். காலையில் காய்ந்த தார்ப்பாயை அவர் மடிக்கும்போது, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

பேத்தி பிளஸ் டூ படிக்கிறாள். ஒரு சாயங்காலம் தாத்தாவுக்குக் காபி கொண்டுவந்தவள், பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

“தாத்தா, தட்டான் தாழப் பறந்தா மழை வரும்னு சொல்வீங்களே, அது நிஜமா?”

“நிஜமாவா? என் வயசுக்கு எத்தனை பெருமழை பாத்திருக்கேன். ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி தட்டான் தாழப் பறந்துருக்கு.” சொல்லிவிட்டு ஒரு நிமிடம் நிறுத்தினார். “ஒண்ணைத் தவிர.”

“சரி, அதை விடுங்க. தட்டான் தாழப் பறந்த நாள்ல எல்லாம் மழை பெஞ்சுதா?”

“ரெண்டும் ஒண்ணுதானே பாப்பா?”

“இல்ல தாத்தா. டெங்கு வந்தவங்க எல்லாருக்கும் காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்தவங்க எல்லாருக்கும் டெங்குவா?”

பெரியவர் காபியைக் கீழே வைத்தார். பேத்தி எழுந்துபோய்க் காலண்டர்களைக் கழற்றிக் கொண்டுவந்தாள். ஏழு வருடத்து ‘ம’க்கள். எந்தெந்த நாள் மழை என்று அதில் இருக்கிறது. தட்டான் பறந்தும் மழை வராமல் போன நாட்கள் எத்தனை என்பது எங்கேயும் இல்லை.

“பெய்யாத நாளை யாரு எழுதிவைப்பா?” என்றார் பெரியவர்.

“அதான் தாத்தா சிக்கலே. பலிச்சதை மட்டும்தான் மனசு எழுதிவைக்குது.”

பிளஸ் ஒன் கணக்கில் அவள் படித்த பாடம் அது. நிபந்தனை நிகழ்தகவு. பெயர்தான் பயமுறுத்தும், விஷயம் சின்னது. ‘இது நடந்திருக்கிறது, அப்படியென்றால் அது நடக்க எவ்வளவு வாய்ப்பு?’ என்று கேட்பது. கேள்வியைத் திருப்பிப் போட்டால் விடையும் மாறிவிடும். மழை வந்த நாட்களில் தட்டான் பறந்தது எத்தனை நாள் என்பது ஒரு கேள்வி. தட்டான் பறந்த நாட்களில் மழை வந்தது எத்தனை நாள் என்பது வேறு கேள்வி. அம்பாரத்தை மூடுவதா வேண்டாமா என்று யோசிப்பவருக்குத் தேவை இரண்டாவதுதான்.

டீச்சர் சொன்ன கதை

அந்தப் பாடம் நடந்தபோது கணக்கு டீச்சர் சொன்ன கதையை அவள் தாத்தாவுக்குச் சொன்னாள். அமெரிக்காவில் 1884-ல் நடந்தது.

அங்கே அப்போது வானிலையைக் கவனித்தது ராணுவத்தின் சிக்னல் பிரிவு. அதில் வேலை பார்த்த ஜான் ஃபின்லி என்பவர், டொர்னாடோ என்கிற கொடும் சுழற்காற்று வருமா வராதா என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்தார். மொத்தம் 2,803 முன்னறிவிப்புகள். வரும் என்று 100 தடவை சொன்னார். அதில் 28 தடவை வந்தது, 72 தடவை வரவில்லை. வராது என்று 2,703 தடவை சொன்னார். அதில் 2,680 தடவை வரவில்லை, 23 தடவை வந்துவிட்டது.

சொன்னதில் சரியானவற்றைக் கூட்டினால் 96.6 சதவீதம் வருகிறது. கேட்டவர்கள் அசந்துபோனார்கள். கில்பர்ட் என்ற நிலவியல் அறிஞர் மட்டும் ஓட்டையைக் கண்டுபிடித்தார். ‘டொர்னாடோ வராது’ என்று ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு 2,803 தடவையும் சொல்லியிருந்தால், 98.2 சதவீதம் சரியாக இருந்திருக்கும்! எப்போதாவது வருகிற ஒன்றை, வராது என்று சொல்லிக்கொண்டே இருப்பவர் பெரும்பாலும் ஜெயித்துக்கொண்டுதான் இருப்பார்.

“அப்ப அந்த ஆளு சொன்னது வீணா?” என்று கேட்டார் பெரியவர்.

“அங்கதான் தாத்தா விஷயமே இருக்கு.”

ஃபின்லி வராது என்று சொன்ன தடவைகளில், காற்று வந்தது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. வரும் என்று சொன்னால், நூற்றுக்கு 28. அவர் வாயைத் திறந்த உடனே ஆபத்து அத்தனை மடங்கு கூடிவிடுகிறது. நூற்றுக்கு 72 தடவை அவர் சொன்னது பலிக்கவில்லை என்பதும் உண்மை. அவர் எச்சரிக்கைக்கு மதிப்பு இருந்தது என்பதும் உண்மை. இரண்டும் சேர்ந்தே இருக்க முடியும்.

அதே 28-ஐ வேறு விதமாகவும் பார்க்கலாம். வந்த சுழற்காற்றுகள் மொத்தம் 51. அவற்றில் அவர் முன்பே சொன்னவை 28, அதாவது பாதிக்குச் சற்று மேல். மேலே இருக்கிற எண் ஒன்றுதான். 100-ஆல் வகுத்தால் ஒரு கேள்விக்குப் பதில், 51-ஆல் வகுத்தால் இன்னொரு கேள்விக்குப் பதில்.

மக்கள் பீதியடைவார்கள் என்ற பயத்தில், பிறகு நெடுங்காலம் அந்த நாட்டு முன்னறிவிப்புகளில் டொர்னாடோ என்ற சொல்லையே தவிர்த்தார்கள். 1938-ல்தான் அந்தத் தடை நீங்கியது. பலிக்காத எச்சரிக்கைக்குப் பயந்து எச்சரிக்கையையே விட்டுவிட்டார்கள்.

பெரியவர் ரொம்ப நேரம் பேசவில்லை. மூன்று ராத்திரி பலிக்காததால் நாலாவது ராத்திரி தார்ப்பாயைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னவர் அவர்.

ஓரிரு இடங்களில்...

“இருந்தாலும் மூணு நாளு சொல்லி மூணு நாளும் பெய்யலையே பாப்பா. அது பொய்தானே?”

“பெய்யலையா? ரெண்டாவது ராத்திரி அத்தை போன் பண்ணினாங்களே, மாட்டுக் கொட்டகை ஒழுகுதுன்னு.”

பெரியவருக்கு அது நினைவுக்கு வந்தது. மகள் வாழ்க்கைப்பட்ட ஊர் பத்து மைல் தூரம்கூட இல்லை.

‘ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்’ என்று டிவியில் சொல்வதை எல்லோரும் கிண்டல் செய்கிறோம். வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் அதற்கு ஓர் அளவு உண்டு. அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால்வாசி வரைக்கும் மழை பதிவானால், அது ‘ஓரிரு இடங்கள்’. முக்கால்வாசிக்கு மேல் என்றால் ‘பெரும்பாலான இடங்கள்’. ஆக, ‘ஓரிரு இடங்களில்’ என்ற முன்னறிவிப்பு அப்படியே பலித்தாலும், முக்கால்வாசி இடத்தில் இருப்பவர்கள் வானத்தைப் பார்த்து, ‘எங்கே பெய்தது?’ என்று கேட்கத்தான் செய்வார்கள். மாவட்டத்தில் மழை வரும் என்பது ஒரு செய்தி. மாவட்டத்தில் மழை வந்தால், அது நம் களத்தில் பெய்யுமா என்பது அடுத்த கேள்வி.

இதைக் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்த மருமகள், “இன்னிக்கு நாலு வாட்ஸ்அப் குரூப்லயும் மழைன்னு போட்டிருக்கு. நாலு பேரு சொன்னா நிச்சயம்தானே?” என்றார்.

“நாலும் ஒரே மெசேஜை ஃபார்வர்டு பண்ணினதும்மா. நாலு சாட்சி இல்ல. ஒரே சாட்சி நாலு தடவை பேசுது.”

பிறகு பேத்தி காலண்டர்களைப் புரட்டினாள். தட்டானைப் பற்றித்தான் அவற்றில் இல்லை. நேற்றைய மழையைப் பற்றி இருக்கிறதே! மழை பெய்த நாளுக்கு மறுநாள் மழை எத்தனை தடவை, காய்ந்த நாளுக்கு மறுநாள் மழை எத்தனை தடவை என்று புளியங்கொட்டைகளை இரண்டு குவியலாக வைத்து எண்ணினாள். பெரியவர் ஒவ்வொரு ‘ம’வையும் விரலால் தொட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். மழைக்கு மறுநாள் மழை என்ற குவியல்தான் உயர்ந்தது.

இஸ்ரேலின் டெல் அவிவ் நகரத்து மழைக்காலங்களை வைத்து, கேப்ரியல், நியூமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1962-ல் வெளியிட்ட புகழ்பெற்ற கணக்கும் இதேபோலத்தான். அங்கே காய்ந்த நாளுக்கு மறுநாள் மழை பெய்த வாய்ப்பு 25 சதவீதம். மழை நாளுக்கு மறுநாள் பெய்தது 66 சதவீதம். ஊர் வேறு, மழை வேறு, எண்ணும் வேறாகத்தான் இருக்கும். ஆனால் மழை தனித்தனி நாளாக வருவதில்லை, கூட்டமாக வருகிறது என்பது எல்லா ஊர் விவசாயிக்கும் தெரிந்ததுதான். கடலில் ஒரு தாழ்வுப் பகுதி உருவானால் டெல்டாவில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பெய்யும் அல்லவா?

“இதை நான் சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன்! ஒரு நா பெஞ்சா மூணு நாளுக்குக் களத்துல நெல்ல கொட்டாதேன்னு,” என்றார் பெரியவர். அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

இரண்டாயிரமும் ஐம்பதாயிரமும்

இருட்டும் நேரத்தில் மகன் வீட்டுக்கு வந்தார். டிவியில் மஞ்சள் எச்சரிக்கை ஓடிக்கொண்டிருந்தது. டெல்டா மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழை. செல்போனில் மழை வாய்ப்பு 40 சதவீதம். அவர் யாரையும் பார்க்காமல் தார்ப்பாய்க் கயிற்றை எடுத்தார்.

பேத்தி கிழித்த காலண்டர் தாள் ஒன்றின் முதுகில் எழுதினாள். “அப்பா, ஒரு ராத்திரி மூட என்ன செலவு?”

“வாடகை, ரெண்டு ஆள் கூலி... எல்லாம் சேத்து ரெண்டாயிரம்.”

“நனைஞ்சா நஷ்டம்?”

மகன் தயங்கினார். திண்ணைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார். “அம்பதாயிரம் போகும்.”

இரண்டாயிரத்தை ஐம்பதாயிரத்தால் வகுத்தால் 25-ல் ஒரு பங்கு. அதாவது 4 சதவீதம். நெல்லை நனைக்கும் மழைக்கு 4 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருந்தாலே மூடுவதுதான் லாபம். 25 ராத்திரி மூடி, ஒரே ஒரு ராத்திரி மழை வந்தாலும் போட்ட காசு வந்துவிடும். மீதி 24 ராத்திரி மூடியது முட்டாள்தனம் ஆகாது. அது அந்த ஒரு ராத்திரிக்குக் கட்டிய இன்ஷூரன்ஸ்.

எல்லா முடிவுக்கும் இதே 4 சதவீதம் பொருந்தாது. இன்னும் பால் முற்றாத வயலை, மழைக்குப் பயந்து முன்னதாகவே மெஷின் விட்டு அறுப்பதாக வைத்துக்கொள்வோம். பச்சை நெல்லால் 15,000 ரூபாய் குறையும், அறுக்காமல் விட்டு மழையில் பயிர் சாய்ந்தால் 50,000 ரூபாய் போகும் என்றால், அங்கே எல்லை 30 சதவீதம். 10 சதவீத வாய்ப்பு என்று கேட்டால் களத்தை மூடலாம், வயலை அறுக்காமல் விடலாம். எச்சரிக்கை ஒன்றுதான், ஒவ்வொன்றிலும் இழப்பது எவ்வளவு என்பதுதான் வேறு. வானிலை மையம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் கொடுப்பதும் இப்படித்தான். மழைக்கான வாய்ப்பை மட்டும் பார்ப்பதில்லை, வந்தால் ஏற்படும் பாதிப்பையும் சேர்த்துப் பார்த்துத்தான் நிறத்தை முடிவு செய்கிறார்கள்.

மகன் தாளை வாங்கிப் பார்த்தார். ஒரு வருடமாக மனதுக்குள் கூசிக்கொண்டே மூடியவர் அவர். பெய்யாத ஒவ்வொரு காலையும், இரண்டாயிரத்தைத் தூக்கி வாய்க்காலில் போட்டதுபோல இருந்தது அவருக்கு.

பெரியவர் திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே வந்தார். பேத்தியைப் பார்க்கவில்லை. நேராக மகனைப் பார்த்தார்.

“அன்னிக்கும் இதே கணக்குதான் தம்பி. மூணு நாளு பெய்யலேன்னு நாலாவது நாளு விட்டது தப்பு.”

மகனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார். பிறகு, “நெல்லு புழுங்கிடும்னு நீங்க சொன்னதும் நிஜந்தானேப்பா. காலைல வெயில் ஏறினதும் எடுத்துடறேன்,” என்றார்.

ஒரு வருடத்துக்குப் பிறகு அவர்கள் நேராகப் பேசிக்கொண்டது அதுதான். மருமகள் கீரையோடு அடுப்படிக்குப் போய்விட்டார்.

காலையில்

அன்று ராத்திரி மூவரும் சேர்ந்து அம்பாரத்தை மூடினார்கள். பேத்தி டார்ச் அடித்தாள். காற்று தூக்காமல் இருக்க, பெரியவர் நாலு மூலையிலும் கல் வைத்தார். சாயங்காலம் களத்துக்கு மேலே தட்டான்கள் முழங்கால் உயரத்தில் பறந்ததை அவர் பார்த்திருந்தார். மழை வந்துவிடும் என்றே நினைத்தார். தூக்கத்தில் இரண்டு தடவை எழுந்து வாசலுக்கு வந்து பார்த்தார்.

மழை வரவில்லை. தூரத்தில் மின்னிக்கொண்டே இருந்தது. வேறு எந்த ஊருக்கோ போய்விட்டது.

காலையில் மகன் களத்துக்குப் போனபோது, பெரியவர் முன்பே போய்த் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று இருவரில் யாரும் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, உதறி, மடித்துவைத்தார்கள். நெல் காய்ந்து கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் பெரியவர் பேனாவை எடுத்தார். அன்றைய கட்டத்தில் ‘ம’ எழுத ஒன்றுமில்லை. சின்னதாக ‘த’ என்று எழுதினார். தட்டான் தாழப் பறந்தது, மழை இல்லை. அந்தக் காலண்டரில் பெய்யாத மழைக்குக் கிடைத்த முதல் குறிப்பு அது. பத்து வருடம் இப்படி எழுதினால், தட்டான் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்று பேத்தி எண்ணிச் சொல்லிவிடுவாள்.

பேனாவை மூடப்போனவர், மேலே இருந்த காலண்டரைத் தூக்கிவிட்டு அடியில் இருந்த போன வருடத்து அக்டோபரைப் பிரித்தார். காலியாக இருந்த கட்டத்தில் ‘ம’ என்று எழுதினார். சுற்றி ஒரு வட்டமும் போட்டார்.